திருநகருக்குப் பக்கத்தில் ஒரு தீவுக் கூட்டம்

ஸ்வீடன் தேசத்தில் வேனெர்ன் என்று ஓர் ஏரி இருக்கிறது. ஏரி என்றதும் இக்கரையில் நின்று அக்கரையில் துணி துவைப்பவரைக் கூப்பிட்டுப் பேசிவிடலாம் என்று எண்ணிவிட வேண்டாம். அதன் பரப்பு 5,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம்முடைய மதுரை மாவட்டம் முழுவதையும் அலாக்காகத் தூக்கி அதற்குள் போட்டால் மாவட்டம் முழுகிப் போவதோடு, இன்னும் ஒரு பாதி மாவட்டத்துக்கு இடம் மிச்சமிருக்கும்! அந்த ஏரிக்குள் தீவுகள். ஒன்றா, இரண்டா? ஆள் ஏறி நிற்கக் கூடிய பாறைகளையும் சேர்த்து எண்ணினால் இருபதாயிரத்துக்கும் மேலே போகிறது கணக்கு. ஏரியின் நடு மத்தியில் உள்ள முப்பது தீவுகளை 1991-ல் தேசியப் பூங்காவாகவே ஆக்கிவிட்டார்கள்.

கோடை வந்துவிட்டால் அந்த ஊர் ஜனங்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. சின்னஞ்சிறு துடுப்புப் படகு ஒன்று, ஒரு கூடாரம், ரொட்டி, காபித் தூள். புறப்பட்டு விடுவார்கள். இன்று ஒரு தீவில் தூக்கம். நாளை இன்னொரு தீவில் சமையல். காட்டில் பழுத்துக் கிடக்கும் பழங்களைப் பறித்துத் தின்பார்கள். "யார் நீ? யாரைக் கேட்டு இங்கே வந்தாய்?" என்று தடியைத் தூக்கிக்கொண்டு எவரும் வரமாட்டார்கள்.

ஏனென்றால் அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. 'எல்லோருடைய உரிமை' என்று அதற்குப் பெயர். காடும் கரையும் யார் பெயரில் பட்டாவாகி இருந்தாலும் சரி, அதன் வழியே நடக்கலாம். ஓர் இரவு தங்கலாம். காட்டுப் பழம் பறிக்கலாம். வீட்டு வாசலிலும் விளைந்த பயிரிலும் மட்டும் கால் வைக்கக் கூடாது. 1994-ல் இந்த உரிமையை அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். உரிமையோடு கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. தொந்தரவு செய்யாதே, நாசம் செய்யாதே. அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு, "ஹும்! கொடுத்து வைத்தவர்கள்!" என்று நேயர்கள் பெருமூச்சு விடுவது காதில் விழுகிறது. பெருமூச்சு வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம். மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறித் திருநகர் இரண்டாவது ஸ்டாப்பில் இறங்கினால் போதும். தீவுக் கூட்டம் அங்கேயே ஆரம்பமாகிறது.

தரை மேல் தீவுகள்

திருநகரில் தீவா என்று கேட்கலாம். மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். கிழக்கே திருப்பரங்குன்றம், ஒரே பாறையாக எழுந்து நிற்கிறது. அதற்கு வடக்கே குட்டியாகப் பசுமலை. வடமேற்கே திரும்பினால் சமணர் மலை. அதற்கும் அப்பால், பாம்பு படுத்தது போல் நீண்டு கிடக்கும் நாகமலை. பனி மூட்டம் இல்லாத நாளில் வடகிழக்கே யானைமலையும், எட்டத்தில் நீலக் கோடாக அழகர் மலையும் தெரியும். இவற்றுக்கு நடுவில் இருப்பதெல்லாம் தட்டையான சமவெளி. தொடர்ச்சியான மலை வரிசையும் இல்லை. ஒன்றுக்கொன்று கை கோத்துக்கொள்ளவும் இல்லை. கடலில் தீவுகள் நிற்பது போலத் தனித் தனியே நிற்கின்றன.

இது என்னுடைய கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். வில்ஹெல்ம் போர்ன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பூகர்ப்ப சாஸ்திரி கிழக்கு ஆப்பிரிக்காவில் சுற்றியபோது, சமவெளியில் இப்படித் தனித்து நிற்கும் குன்றுகளைப் பார்த்தார். அவற்றுக்கு அவர் வைத்த பெயருக்குத் தமிழில் 'தீவு மலை' என்றே அர்த்தம். 1900-ஆம் ஆண்டு வாக்கில் சூட்டப்பட்ட அந்தப் பெயரைத்தான் உலகம் முழுவதும் இன்றும் வழங்குகிறார்கள். சுற்றியிருந்த இளகிய பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் வெயிலிலும் மழையிலும் கரைந்து ஓடிவிட்டது. கரைய மறுத்த கெட்டிப் பாறை மட்டும் எஞ்சி நிற்கிறது.

ஸ்வீடன்காரரின் தீவுகளைச் சுற்றி எப்போதும் தண்ணீர். நம்முடைய தீவுகளைச் சுற்றி மழைக் காலத்தில் மட்டும் தண்ணீர். மற்ற நாளில் நெல் வயல், தென்னந்தோப்பு, வீட்டு மனை. அந்தத் தண்ணீர் தங்கும் இடத்துக்குத்தான் நாம் கண்மாய் என்று பெயர் வைத்திருக்கிறோம். குன்றும் கண்மாயும் அக்கா தங்கை மாதிரி. ஒன்றில்லாமல் மற்றது இல்லை. இந்த இரண்டையும் நடந்தே பார்த்துவிடுவது என்று ஒரு தை மாதத்தில் புறப்பட்டேன்.

சமணர் மலையில் ஒரு காலை

துணைக்கு வந்தவர் திருநகர்வாசியான ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார். வயது அறுபத்தைந்து இருக்கும். கழுத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடி, தோளில் ஜோல்னாப் பை, பையில் இட்லிப் பொட்டலம். அவருடைய நடைக்கு ஈடு கொடுக்க நான் அரை ஓட்டமாக ஓட வேண்டியிருந்தது.

விளாச்சேரி வழியாகப் போனோம். நவராத்திரிக் கொலுப் பொம்மைக்குப் பெயர் போன ஊர். தமிழறிஞர் பரிதிமாற் கலைஞர் 1870-ல் பிறந்த ஊரும் இதுதான். தெருவோரத்தில் வெயில் காயும் பொம்மைகளைக் காட்டி வாத்தியார் சொன்னார்: "பார்த்தீங்களா தம்பி, கிருஷ்ணர், பிள்ளையார், செட்டியார் எல்லாம் கண்மாய் மண்ணுதான். கண்மாய் இல்லேன்னா கொலுவும் இல்லே!"

கீழக்குயில்குடி போய்ச் சேர்ந்தபோது பொழுது நன்றாக விடிந்திருந்தது. மலை அடிவாரத்தில் ஒரு தாமரைக் குளம். அதன் கரையில் அகலக் கை விரித்த ஆலமரம். பக்கத்தில் அய்யனார் கோயில். மீசை முறுக்கிய சாமிகளும் பாயும் குதிரைகளும் காவலுக்கு நிற்கிறார்கள். குளத்தங்கரையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"மலைக்கா? மேகாத்து அடிக்கு முன்னாடி ஏறி இறங்கிடுங்க" என்றார் அவர். "தண்ணி வச்சிருக்கீகளா? மேலே சுனை இருக்கு. ஆனா அதுல கையைக் காலைக் கழுவிறாதீக. குருவி குடிக்கிற தண்ணி."

எல்லோருடைய உரிமையும் அதன் நிபந்தனையும் அந்தப் பெரியவர் வாயில் இரண்டே வாக்கியத்தில் வந்து விழுந்துவிட்டன!

படியேறிச் சிறிது தூரம் போனால் பேச்சிப்பள்ளம். அங்கே பாறையின் முகத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள். கீழே வட்டெழுத்தில், இன்னார் செய்வித்தது என்ற குறிப்பு. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆயிரம் மழையைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடியபடி நிம்மதியாக இருக்கிறார்கள். மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்புடவு என்று ஒரு குகை. அங்கே பெரிய அளவில் செதுக்கியிருக்கும் தீர்த்தங்கரரைப் பார்த்து, 'யாரோ செட்டியார் உட்கார்ந்திருக்கிறார்' என்று நம் ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அதனால் வந்த பெயர் அது. குகைக்குள் தலையை அண்ணாந்து பார்த்தால் சிங்கத்தின் மேல் ஏறி யானையோடு போரிடும் ஒரு பெண் தெய்வம். என்ன வேகம்! என்ன ஆவேசம்! கல்லா அது?

மதுரையைச் சுற்றி இப்படிச் சமண முனிவர்கள் தங்கிய எட்டுக் குன்றங்களை 'எண்பெருங்குன்றம்' என்று வழங்கினார்கள். பரங்குன்றமும் யானைமலையும் அழகர் மலையும் அந்தக் கணக்கில் அடங்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்துக்களும், துறவிகள் படுக்க வழுவழுப்பாகச் செதுக்கிய கல் படுக்கைகளும் அங்கெல்லாம் உண்டு. ஊரை விட்டு விலகியும் இருக்க வேண்டும்; பிக்ஷைக்கு ஊர் எட்டியும் இருக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்குத் தீவைவிட நல்ல இடம் ஏது?

பேச்சிப்பள்ளத்துக்கு மேலே படி முடிந்து வெறும் பாறை. கயிறு, ஆணி, இரும்புக் கொக்கி ஒன்றும் தேவையில்லை. காலில் செருப்பு வழுக்காமல் இருந்தால் போதும். ஆனால் காற்று இருக்கிறதே, அது வேட்டியைப் பாய்மரமாக்கி நம்மைப் படகாக ஓட்டப் பார்க்கிறது! உச்சியில் ஒரு பழைய சமணக் கோயிலின் அடித்தளம் மட்டும் எஞ்சி இருக்கிறது. அங்கே நின்று நாலு பக்கமும் திரும்பினேன். பச்சை வயல், நடுவில் கண்ணாடித் துண்டுகள் போலக் கண்மாய்கள், இடையிடையே எழும்பி நிற்கும் குன்றுகள். வேனெர்ன் ஏரியில் விமானத்தில் பறந்து எடுத்த படம் இப்படித்தான் இருக்கும்.

"ஒரு கணக்குப் போடுங்க தம்பி" என்றார் வாத்தியார். வாத்தியார் அல்லவா? "இந்தப் பாறையிலே ஒரு ஹெக்டேர், அதாவது ரெண்டரை ஏக்கர். அதுமேல ஒரு சென்டிமீட்டர் மழை பெய்யுது. எவ்வளவு தண்ணி?"

நான் மேகத்தைப் பார்த்தேன். அவரே சொல்லிவிட்டார்: "ஒரு லட்சம் லிட்டர்! மண்ணுன்னா பாதியைக் குடிச்சிடும். பாறை குடிக்காது. பெரும்பாலும் அப்படியே கீழே விட்டுடும். அந்தத் தாமரைக் குளம் ஏன் அங்கே இருக்குன்னு நினைக்கிறீங்க? மலை கொடுக்குது, குளம் வாங்கிக்குது."

இறங்கும்போது மலையின் ஒரு பக்கத்தைக் காட்டினார். கத்தியால் கேக் வெட்டியது போல் பாறை செங்குத்தாக அறுபட்டு நின்றது. கல் உடைத்த தழும்பு. ஊர்க்காரர்களும் தொல்பொருள் ஆர்வலர்களும் எதிர்த்து நின்றதால் அந்த வேலை நின்றது. தழும்பு நின்றுவிட்டது. கரைந்து ஓடாமல் கோடி ஆண்டு தாக்குப் பிடித்த பாறைக்கு வெடிமருந்தைத் தாக்குப் பிடிக்கத் தெரியவில்லை.

கண்மாய்க்குள் தீவு

மறுநாள் கண்மாய்ப் படலம். வைகையிலிருந்து பிரிந்து வரும் நிலையூர் கால்வாய்தான் இந்தப் பக்கத்துக் கண்மாய்களுக்குத் தாய்ப்பால். தென்கால் கண்மாயும் நிலையூர்க் கண்மாயும் அதன் குழந்தைகள். ஒரு கண்மாய் நிரம்பினால் உபரித் தண்ணீர் மறுகால் வழியாக அடுத்த கண்மாய்க்குப் போய்ச் சேரும். பந்தியில் சாம்பார் வாளி நகர்வது போல ஒன்றன்பின் ஒன்றாக.

வைகைக்கு எங்கிருந்து தண்ணீர்? பாதிக் கதை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி மடக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது 1895-ல். வைகை அணை வந்தது 1959-ல். ஆகவே திருநகர்ப் பக்கத்து வயலில் பாயும் ஒரு செம்பு தண்ணீர், மலையாளக் காட்டு மழையாக இருந்தாலும் இருக்கலாம்.

நிலையூர்க் கண்மாய்க் கரையில் நடந்தோம். கரை என்றால் சாதாரணக் கரை அல்ல. வண்டி ஓட்டலாம். ஒரு பக்கம் வயல் பள்ளத்தில் கிடக்கிறது. மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் ஜிலுஜிலுவென்று மின்னுகிறது. தண்ணீருக்கு நடுவில் கருவேல மரங்கள் இடுப்பளவு முழுகி நிற்கின்றன. தூர்வாரிய மண்ணைக் குவித்து வைத்த திட்டுக்கள் இங்குமங்கும் தலை தூக்குகின்றன. இவையே நமது அசல் ஏரித் தீவுகள். ஒவ்வொரு தீவிலும் குடித்தனம் நடக்கிறது.

"அதோ, கூழைக்கடா! இதோ, மஞ்சள் மூக்கு நாரை!" என்று வாத்தியார் கண்ணாடியை என்னிடம் தந்தார். கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே தொங்கும் பை, மார்க்கெட்டுக்குப் புறப்பட்ட மாமியின் பை மாதிரி இருந்தது. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டு நின்றது. அரிவாள் மூக்கன் சேற்றைக் கிண்டியது. இலைக்கோழி நீண்ட விரல்களை ஊன்றித் தாமரை இலை மேல் ராஜ நடை போட்டது.

கரையோரச் சேற்றில் தவிட்டு நிறத்தில், உடம்பெல்லாம் புள்ளியாக, வாலை ஆட்டி ஆட்டி ஒரு சின்னப் பறவை ஓடியது. பார்க்க ஒன்றும் பிரமாதம் இல்லை.

"பொறி உள்ளான்" என்றார் வாத்தியார். "இதைச் சாதாரணமா நினைச்சிடாதீங்க. இந்த ஜாதி முட்டையிடறது ஸ்வீடன், பின்லாந்து, சைபீரியா பக்கத்துச் சதுப்பு நிலத்திலே. நம்ம ஊருக்குக் குளிருக்குப் பயந்து வருது."

அவர் விராலடிப்பானைப் பற்றியும் சொன்னார். மேலேயிருந்து கல் விழுவது போல் விழுந்து, தண்ணீருக்குள் காலை விட்டு மீனைத் தூக்கிப் போகும் பெரிய பறவை. வேனெர்ன் ஏரிக் கரை மரங்களில் கூடு கட்டும் அதே இனம், குளிர் காலத்தில் நம் நாட்டு நீர்நிலைகளிலும் தென்படுகிறது. ஆக, அந்தத் தீவுக் கூட்டத்துக்கும் இந்தத் தீவுக் கூட்டத்துக்கும் பந்தம் ஏற்படுத்தி வைக்க நான் ஒருவன் தேவையே இல்லை. பறவைகள் எத்தனையோ காலத்துக்கு முன்பே சம்பந்தம் செய்துகொண்டுவிட்டன.

பறவைகளுக்காக மனிதர்கள் என்ன விட்டுக் கொடுப்பார்கள் என்று பார்க்க விரும்புகிறவர்கள், மதுரையிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் வேட்டங்குடி வரை ஒரு நடை போய்வர வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் உள்ள அந்தக் கண்மாய்கள் 1977-ல் பறவைகள் சரணாலயமாயின. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மரத்தில் குஞ்சு பொரித்திருக்கும் பறவை பயந்துவிடுமாம்! நம் வீட்டுக் குழந்தையிடம் ஒரு தீபாவளிக்கு ஓலை வெடியைப் பிடுங்கிப் பார்த்தால் தெரியும், அந்த ஊர்ப் பிள்ளைகளின் மனசு எவ்வளவு பெரிசென்று.

துண்டு வீசியதும்

கண்மாயில் வேடிக்கை பார்ப்பது ஒரு ரகம். கண்மாய்க்குள் இறங்குவது இன்னொரு ரகம். அதற்குக் கோடை வரை காத்திருக்க வேண்டும்.

தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா. அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் சேதி போய்விடும். விடிவதற்கு முன்பே கரையில் ஜனம். கிழவர், குமரி, பள்ளிப் பையன், கைக்குழந்தையை இடுப்பில் வைத்த தாய், யாரும் பாக்கி இல்லை. கையில் வலை, கச்சா, ஊத்தா. ஊத்தா என்பது மூங்கில் பத்தையில் முடைந்த கூடை. அடியும் திறந்திருக்கும், மேலும் திறந்திருக்கும். சேற்றில் 'சொத்'தென்று கவிழ்த்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினால் உள்ளே விரால் துள்ளும். அல்லது கெளுத்தி முள்ளால் வரவேற்கும்!

ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வந்து கரை மேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அதுவரை ஒருவர் கால் தண்ணீரில் படாது. துண்டு வீசியதும் இருக்கிறதே, ஆகா! கரையே சரிந்து கண்மாய்க்குள் விழுந்துவிட்டதோ என்று தோன்றும். சேறும் சிரிப்பும் கூச்சலுமாக ஒரு மணி நேரம். பிறகு தலை முதல் கால் வரை ஒரே நிறமாகத் திரும்பி வருவார்கள். யார் மேலூர்க்காரர், யார் மதுரைக்காரர் என்று பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது.

நான் பார்த்த கண்மாயில் ஐந்து கிலோ தேறும்படி பிடித்த ஓர் இளைஞனிடம், "விலைக்குத் தருவாயா தம்பி?" என்று கேட்டேன்.

"விலைக்கா?" அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இதை விக்கக் கூடாதுண்ணே. குழம்பு வச்சுச் சாப்பிடணும். அக்கா வீட்டுக்குக் கொடுத்து விடணும். அப்பதான் அடுத்த வருசம் மழை பேயும். உங்களுக்கு வேணும்னா இந்தாங்க, ரெண்டு எடுத்துக்கங்க." சொன்னதோடு நிற்காமல் துண்டில் முடிந்தும் கொடுத்துவிட்டான்.

கண்மாயில் மழை வரட்டும் என்று மீனைப் பகிர்ந்துகொள்வதற்கு எந்தச் சட்டத்தில் எத்தனையாவது பிரிவு? ஒன்றும் கிடையாது. துண்டு வீசும் வரை கரையில் நிற்பதும், பிடித்ததை விற்காமல் இருப்பதும் ஊர்க் கட்டுப்பாடு. எல்லோருடைய உரிமை என்பது ஸ்வீடனிலிருந்து இறக்குமதி ஆக வேண்டிய சரக்கு அல்ல என்பது அந்த இரண்டு மீனோடு எனக்குக் கிடைத்த தெளிவு.

தீவுக்கு வந்த ஆபத்து

அந்த உரிமை எல்லோருக்கும் இருந்தும், யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்றால் என்ன ஆகும்? மதுரையில் அதற்கும் பதில் இருக்கிறது.

உலகனேரி என்ற பெயரிலேயே ஏரி இருக்கிறது. இன்று அந்த ஏரியில் நிற்பது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2004-ல் திறந்தார்கள். நீதிமன்றம் வேண்டியதுதான், பஸ் நிலையம் வேண்டியதுதான், வீட்டு மனையும் வேண்டியதுதான். ஆனால் ஊர் வளரும்போதெல்லாம் இடம் விடுகிற முறை ஏன் எப்போதும் கண்மாய்க்கே வருகிறது? கண்மாய்க்கு வாய் இல்லை என்பதாலா? வாய் உண்டு. வரத்துக்கால் என்று பெயர். முதலில் அதை அடைத்துவிடுகிறோம். தண்ணீர் வராத கண்மாயில் குப்பை வருகிறது. குப்பை கொட்டிய இடத்தைப் பார்த்து, "சும்மா கிடக்கிற இடம்தானே!" என்கிறோம். தண்ணீர் இருக்கும் கண்மாயாகப் பார்த்துச் சாக்கடையைத் திருப்பினால், ஆகாயத் தாமரை ஒரே வருஷத்தில் பாய் விரித்துவிடுகிறது. பொறி உள்ளானுக்கு ஓடச் சேறு இல்லை. கூழைக்கடாவுக்கு இறங்கத் தண்ணீர் இல்லை.

திருநகரும் பரங்குன்றமும் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. சுற்றியுள்ள வயல்கள் ஒவ்வொன்றாக மனைக் கற்களாகின்றன. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால், தீவுகளைச் சுற்றியிருந்த பச்சைக் கடல் சாம்பல் கடலாக நிறம் மாறி வருவது தெரியும்.

மறுபக்கம் நம்பிக்கைக்கும் ஒரு கதை உண்டு. மேலூருக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில், சமணர் படுக்கை, தமிழி எழுத்து, எல்லாம் அங்கே உண்டு. 72 ஏரிகள், 200 நீரூற்றுக்கள், 3 தடுப்பணைகள், சுமார் 250 வகைப் பறவைகள் என்று அரசாங்கமே கணக்குக் கொடுத்து, 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் ஏறக்குறைய 193 ஹெக்டேரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது.

இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட மத்திய அரசு ஏலம் விட்ட செய்தி வந்தது. மேலூர்ப் பக்கம் கொதித்து எழுந்தது. கிராமத்துக்குக் கிராமம் கூட்டம். டிசம்பரில் சட்டசபையில் தீர்மானம். 2025 ஜனவரி 7-ந் தேதி மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் ஆயிரக் கணக்கில் திரண்டு மதுரையை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23-ந் தேதி ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது.

யார் அவர்கள்? மலையைப் புத்தகத்தில் படித்தவர்கள் அல்ல. ஆடு மேய்க்கப் போனவர்கள். சுனையில் தண்ணீர் குடித்தவர்கள். துண்டு வீசியதும் கண்மாயில் குதித்தவர்கள். எந்தச் சுனை எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் தருகிறது என்பது அவர்கள் காலுக்குத் தெரியும். அதனால்தான் மலையைத் தொட்டபோது அவர்களுக்கு வலித்தது. பட்டணத்தில் இருக்கும் நமக்கும் வலிக்க வேண்டுமானால் நாமும் கொஞ்சம் நடந்து பார்க்க வேண்டும். நடப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

புறப்படுகிறவர்களுக்கு

நல்ல காலம் கார்த்திகை முதல் மாசி வரை. மழை பெய்து ஓய்ந்திருக்கும். கண்மாயில் தண்ணீர் இருக்கும். வட தேசத்துப் பறவைகள் வந்திருக்கும். சித்திரை வெயிலில் பாறை மேல் தோசை வார்க்கலாமே தவிர நடக்க முடியாது.

காலை ஆறு மணிக்கு ஏற ஆரம்பித்து ஒன்பதுக்குள் இறங்கிவிடுவது உத்தமம். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், தலைக்கு ஒரு துண்டு. மழை பெய்து பாசி பிடித்த பாறையில் ஏற வேண்டாம். பாறை இடுக்கில் பெருந்தேனீக் கூடு கட்டியிருந்தால் புகை பிடிப்பதோ கூச்சலிடுவதோ கூடாது. தேனீக்கு நகைச்சுவை உணர்ச்சி மிகவும் குறைவு.

கண்மாயைக் கரையில் நின்று பாருங்கள். ஊரார் துணை இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். மேலே முழங்கால் ஆழமாகத் தெரியும் இடத்தில், மண் அள்ளிய பள்ளம் இரண்டாள் ஆழத்துக்கு இருக்கும். நீச்சல் தெரிந்த பிள்ளைகளையும் அந்தப் பள்ளங்கள் கொண்டு போயிருக்கின்றன. குழந்தைகளின் கையை விடவே வேண்டாம்.

சாப்பிட்ட இலையையும் பொட்டலத் தாளையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தீர்த்தங்கரருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரையும் உங்கள் மனசுக்குப் பிடித்தவர் பெயரையும் அம்பு விட்டு எழுதாதீர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் அங்கே பெயர் வெட்டியவர்கள், முதலில் ஒரு சிற்பத்தைச் செய்து வைத்துவிட்டுப் பிறகுதான் பெயர் வெட்டினார்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். திரும்பி வந்ததும், உங்கள் வீட்டுக்கு மிக அருகில் உள்ள கண்மாயின் பெயர் என்ன, அதற்கு எந்தக் கால்வாயில் தண்ணீர் வருகிறது, மறுகால் எந்தப் பக்கம் போகிறது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்டு வையுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்குப் பிறகு யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே!